வாயால் சொன்னால்தான் தெரியும்

டிப்போவில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் சமரசம். தொழிலாளர் நலப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கைகலப்பு, மேனேஜருக்கும் மெக்கானிக்குகளுக்கும் முறைப்பு, லீவு கொடுக்கவில்லை என்று ஒருத்தன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்க மறுக்கிறான் என்றால், "சமரசத்தக் கூப்பிடு" என்பார்கள். அவர் வந்து நிற்பார். அதிகம் பேச மாட்டார். எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ஒரு டிரைவர், தூர ரூட்டுக்குப் போட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று மேஜையைக் குத்தினான். மேனேஜர் திமிர் என்றார். யூனியன்காரர்கள் உரிமை என்றார்கள். சமரசம் அவனைத் தனியாக டயர் கொட்டகைக்கு அழைத்துப்போய், "உனக்குக் கோபம் இல்லப்பா, பயம். கண்ணு சரியா தெரியல. அதானே?" என்று கேட்டார். அந்த ஆறடி ஆள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து தேம்பி அழுதான். மறுவாரம் அவனை டிக்கெட் பிரிவுக்கு மாற்றினார்கள். ஏன் என்று டிப்போவில் ஒருவருக்கும் தெரியாது. சமரசம் சொல்லவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். அவருடைய மனைவி ஒரு சலவைக் கடையின் பின்னறையில் துணி திருத்தித் தைப்பவள். பேன்ட்டின் இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டின் கிழிந்த உள்துணியைப் பிரித்துப் புதிதாக வைப்பது என்று நாள் முழுக்கக் குனிந்தபடியே வேலை. சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு யாரு என்ன சொன்னாங்க?" என்பார்.

"ஒண்ணுமில்லங்க."

"அந்த ஒண்ணுமில்லயத்தான் கேக்குறேன்."

இந்த மனுஷனிடம் ஒரு பொய் சொல்லிப் பிழைக்க முடியாது என்று அவள் அக்கம்பக்கத்தில் அலுத்துக்கொள்வாள். அலுப்பு மாதிரி வந்தாலும் அது பெருமைதான் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் டிப்போ மெக்கானிக் ஒருவரின் மகன் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்தான். அந்த மெக்கானிக், சமரசத்தைவிடப் பத்து வயது இளையவர். டிப்போவில் அண்ணன் தம்பி என்றே இருவரையும் சொல்வார்கள். துக்கம் கேட்கப் புருஷனும் பெண்சாதியுமாகப் போனார்கள். கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். பெற்றவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். யார் வந்தார்கள் என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சமரசம் அந்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்ப இடம் தாராளமா இருக்கு. அந்த பைக் எப்பவும் வழிய அடைச்சுக்கிட்டு நிக்கும்" என்றார்.

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று சமரசத்தின் மனைவி முதலில் நினைத்தாள். ஆனால் பெற்றவள் நிமிர்ந்துவிட்டாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெக்கானிக் எழுந்து வந்து, "அண்ணே, நீங்க கிளம்புங்க" என்றார்.

தெருவுக்கு வந்ததும் அவள் அவரை நிறுத்தினாள். "செத்த வீட்டுல பேசுற பேச்சா இது?"

"ஏன், பொய்யா சொன்னேன்? இடம் இருந்துச்சுல்ல."

அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, வீம்பும் இல்லை. அதுதான் அவளை இன்னும் பற்றவைத்தது.

அதற்குப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. அவளுடைய தங்கையிடம், "உன் புருஷன் உன்ன விட்டுட்டுப் போனதுல தப்பே இல்ல, நீ ரொம்பப் பேசுற" என்றார். தங்கை வருவதை நிறுத்தினாள். கடையில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி அடித்து அவள் வலது கை பொத்துப்போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த நாளில், கட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "சமையல் ஆரம்பிக்கலயா?" என்றார். ஒற்றைக் கையால் சமைத்தபடி அவள் அழுதாள். அவர் பக்கத்திலேயே நின்று தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல் நெஞ்சு என்று முடிவுகட்டினாள். முப்பத்தொரு வருஷம் ஊரார் முகத்தைப் படித்தவருக்குத் தன் முகம் மட்டும் தெரியாதா? தெரியும், வேண்டுமென்றே செய்கிறார். உத்தியோகம் போனதும் போட்டிருந்த வேஷமும் கலைந்துவிட்டது. இப்படியெல்லாம் தனக்குள் சொல்லிச் சொல்லி மனத்தை இறுக்கிக்கொண்டாள். தையல் மிஷின் இருந்த சின்ன அறைக்குப் படுக்கையை மாற்றினாள். இரண்டு வருஷம் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. முகம் கொடுக்காததை அவர் கவனிக்கவும் இல்லை.

பிறகுதான் ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. முப்பத்தொரு வருஷம் போய்வந்த ரூட்டிலேயே தப்பான நிறுத்தத்தில் இறங்கி மூன்று மணி நேரம் நின்றிருந்தார். ஒரு கண்டக்டர் அடையாளம் கண்டு கூட்டிக்கொண்டுவந்து விட்டான். உள்ளூர் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே, லேசான அறிவுத் தடுமாற்றம் உள்ள முதியவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சேர்ந்துகொண்டால் மூளையை விரிவாக ஸ்கேன் செய்து பார்ப்பார்கள் என்றார்கள். சேர்ந்தார்கள்.

பரிசோதனை செய்தது இருபத்தைந்து, முப்பது வயதுப் பெண். மெல்லிய குரல். அவளுடைய மேஜையில் அட்டைகள் இருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு ஜோடிக் கண் மட்டும். இது பயமா, சலிப்பா, ஆசையா, சந்தேகமா என்று சொல்ல வேண்டும். மனைவி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அட்டைக்கும் அவளுக்கு விடை பளிச்சென்று தெரிந்தது. சமரசம் அட்டையைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது கண்ணு" என்றார்.

"ஆமாங்க ஐயா. அந்தக் கண்ணு என்ன நினைக்குது?"

"கண்ணு எப்படிம்மா நினைக்கும்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டு, ஒரு கதை சொன்னாள். ஒருத்தி தன்னோடு வேலை செய்யும் தோழிக்கு ஒரு மாதம் உட்கார்ந்து ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். ரொம்ப நாள் கழித்து அந்தத் தோழி, யார் கொடுத்தது என்பதை மறந்துபோய், அவள் எதிரிலேயே, "யாரோ ஒரு ஸ்வெட்டர் கொடுத்தாங்க, அதுலதான் தரை துடைக்கிறேன்" என்றாள்.

"இப்ப பின்னிக் கொடுத்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும், ஐயா?"

சமரசம் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நேர்மையாக, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி யோசித்தார். "கம்பளித் துணி தண்ணிய நல்லா உறிஞ்சும். தரை சுத்தமா இருக்கும்" என்றார். சரியா என்று கேட்பதுபோல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் நடிக்கவில்லை. இந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேன் படங்களைத் திரையில் போட்டு டாக்டர் விளக்கினார். சும்மா படுத்திருக்கும்போதுகூட மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்குமாம். எதிரில் இருப்பவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பதற்கென்று சில பகுதிகள் சேர்ந்து இயங்க வேண்டுமாம். இவருக்கு அந்தப் பகுதிகள் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை, அவற்றுக்கு இடையிலான தொடர்புதான் மெலிந்துவிட்டது என்றார்.

"டிப்போ எல்லாம் இருக்கு, ரூட்ட கட் பண்ணிட்டாங்க" என்றார் சமரசம்.

டாக்டர் ஆச்சரியமாக அவரைப் பார்த்தார். "கிட்டத்தட்ட அப்படித்தாங்க."

"டிரைவர் பத்தலயா, ரோடு சரியில்லையா?"

"ரோடுன்னு வச்சுக்கலாம்."

"அப்ப யூனியன்கிட்ட பேசி ஒண்ணும் ஆகாது."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று சமரசத்துக்குப் புரியவில்லை. மனைவி மட்டும், "இது எப்பலேர்ந்து டாக்டர்?" என்று கேட்டாள்.

"சரியா சொல்ல முடியாதும்மா. ஞாபகம் தடுமாறுறதுக்கு முன்னாடியே சிலருக்கு இது ஆரம்பிச்சுடும். மூணு வருஷம், நாலு வருஷம்கூட இருக்கலாம். வீட்ல உள்ளவங்க குணம் மாறிடுச்சுன்னு நினைப்பாங்க."

மருந்து உண்டா என்று கேட்டாள். இதற்கென்று இல்லை என்றார். ஆராய்ச்சி, பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம் என்றார். ஒரு வழி மட்டும் சொன்னார். "உங்க முகத்தப் பார்த்துப் புரிஞ்சுக்குவார்னு எதிர்பார்க்காதீங்க. எதுவா இருந்தாலும் வாயால சொல்லுங்க. வருத்தமா இருந்தா வருத்தம்னு, கோபம்னா கோபம்னு. வாயால சொன்னாத்தான் அவருக்குத் தெரியும்."

வராந்தாவில் அடுத்த தேதிக்கான சீட்டுக்குக் காத்திருக்கும்போது அவள் வருஷங்களை எண்ணிப் பார்த்தாள். நோயாளியைப் போய் இரண்டு வருஷம் எதிரியாக வைத்திருந்திருக்கிறாள். அவருடைய தட்டில் சோற்றை வெறுப்போடு தள்ளிய நாட்கள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதவை அறைந்த நாட்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், தான் தண்டிக்கப்பட்டதே தெரியாதவரிடம் என்னவென்று கேட்பது?

வாயால் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு இப்ப வருத்தமா இருக்குங்க" என்பாள். "சரி" என்பார். கொஞ்ச நாளில் அவரே ஒரு கேள்வியைப் பழக்கிக்கொண்டார். அவள் கண்ணில் தண்ணீரைக் கண்டால், "வருத்தமா?" என்பார். வெங்காயம் நறுக்கும்போதும் அதே கேள்விதான். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் "சரி" என்று தலையாட்டிவிட்டுப் போவார். முதலில் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. போகப்போக, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் போகிறவரைப்போல் இருந்தது. தட்டாமலே இருந்திருக்கலாம்.

அவர்களுடைய மகள் கடல் கடந்து வெளிநாட்டில் இருந்தாள். இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது தங்கி, ஆறாம் மாதம். படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தினமும் போன் செய்வாள். அப்பாவின் நிலை அவளுக்குத் தெரியும். பிரசவம் ஆகட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் தாய்க்கு வயிற்றில் வலி வந்தது. மிஷினில் குனிந்தே இருப்பதால் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டாள். பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பாவாடை நாடாவை இரண்டு விரற்கடை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஊரார் இடுப்பையெல்லாம் அளந்து பிடித்துத் தருபவளுக்குத் தன் இடுப்பு குறைவது கணக்காகத் தெரிந்தது. டெஸ்ட் எடுத்தார்கள். கணையத்தில் ஆரம்பித்து ஈரல்வரை போயிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை. "நாலு மாசம், அஞ்சு மாசம்" என்று டாக்டர் சொன்னபோது அவள் அந்த டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தாள். நாலு என்பதுதான் நிஜம், அஞ்சு இரக்கம் என்று தெரிந்தது.

மகளிடம் சொல்ல முடியாது. தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லை. கடை முதலாளியிடம் சொன்னால் இரக்கப்பட்டு நாளைக்கே வேலையை நிறுத்திவிடுவார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு, அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்குப் பெரிய வியாதி வந்திருக்கு. நாலு மாசத்துல நான் செத்துடுவேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

அவர் அவளையே பார்த்தார். முன்பு டிரைவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை. அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா?" என்றார்.

"ஆமா."

"அப்புறம் யாரு சமைப்பா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று அவளுக்கே தெரியாது. அவர் கொஞ்சம் குழம்பி, அவள் சிரிப்பையும் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்து, "வருத்தமா?" என்றார்.

"ஆமாங்க."

"சரி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நம்ம பொண்ணுக்கு மட்டும் சொல்லாதீங்க. புள்ள பெத்து எழுந்திரிக்கட்டும். சொல்ல மாட்டீங்கல்ல?"

"சொல்ல மாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதை ஏன் சொல்லக் கூடாது, சொன்னால் கேட்கிறவளுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவரிடம் இல்லை. வெள்ளிக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தண்ணீரை நிறுத்திய நேரத்தில் கூடத்திலிருந்து அவருடைய குரல் நிதானமாகக் கேட்டது.

"அம்மா குளிக்கிறா. நாலு மாசத்துல செத்துடுவாளாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, அதனால நீ கேட்காத."

அவள் ஈரத்தோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். எதிர்முனையில் மகள் எழுப்பிய ஒலி, அவள் பிறந்ததிலிருந்து தாய் கேட்டிராத ஒலி. மருமகன் போனை வாங்கி, அப்புறம் பேசுகிறேன் அத்தை என்று வைத்துவிட்டான். அன்றைக்கே மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை தப்பித்தது. ஆனால் மகள் மறுவாரம் பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"அப்பாகிட்ட சொன்னீங்க. எதுவுமே புரியாதவர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லணும்னு தோணலயாம்மா?"

"புரியாதுன்னுதாண்டி சொன்னேன்" என்றாள் தாய். அது பாதி உண்மைதான். புரிந்துவிடும் என்கிற நப்பாசையில்தான் சொன்னாள். அதை மகளிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நாட்களை எண்ணி வேலைகளை முடிக்க வேண்டியிருந்தது. ஊர் எல்லையில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்த கையோடு மெக்கானிக்கைத் தேடிப் போனாள். தான் போன பிறகு, மாதம் ஒருதரமாவது அவரை எட்டிப் பார்க்க யாராவது வேண்டும். மெக்கானிக் இப்போது வீட்டு முன்னறையில் பம்பு மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க அண்ணி, என்ன இப்படி இளைச்சுட்டீங்க?" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்கேன், மெலிந்த தொடர்பு, அட்டைக் கண்கள், ஸ்வெட்டர் கதை, கடைசியில் தன் வியாதி. "அன்னைக்கு அவரு பேசுனது அவரு இல்ல தம்பி. நோய் பேசுச்சு."

மெக்கானிக் கந்தலில் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நம்புறேன் அண்ணி. நீங்க சொன்னா நம்புறேன். ஆனா என் சம்சாரம் இன்னும் வாசப்பக்கம் போகமாட்டா, தெரியுமா? பின்பக்கமாத்தான் போய் வர்றா. அந்த இடத்தப் பாத்தா அவளுக்கு அந்த வார்த்தைதான் கேக்குது. நோய் பேசுச்சுன்னு நான் எப்படி அவகிட்ட போய் சொல்வேன்?" கந்தலைக் கீழே வைத்துவிட்டு, "நான் அண்ணனப் பாத்தா அவரு என் பையனப் பத்தி இன்னொண்ணு சொல்லுவாரு. அதத் தாங்க என்னால முடியாது. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அவர் பொய் சொல்லி அனுப்பவில்லை. அதற்காக அவள் நன்றி சொல்லிவிட்டுப் பின்பக்க வழியாகவே வந்தாள்.

இல்லத்தில் சமரசத்துக்குக் கிடைத்தது இரண்டு கட்டில் போட்ட அறை. பெயர் எழுதி ஒட்டிய அலமாரி, கழுவித் துடைத்த பச்சை ரப்பர் விரிப்பு, கைப்பிடி வைத்த கழிப்பறை. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரம் என்ன என்று கேட்டார். சொன்னதும் திருப்தியாகக் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் அவருடைய சட்டைகளை அடுக்கினாள். எல்லாவற்றின் காலரிலும் அவருடைய சொந்தப் பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். போய்வருகிறேன் என்றபோது, "சரி" என்றார்.

புதன்கிழமை தோறும் போனாள். முதல் மாதம் பஸ்ஸில், பிறகு டாக்ஸியில். "இளைச்சுட்ட" என்பார், இன்றைக்கு மழை என்று சொல்வதுபோல. அடுத்த வாரம், "இன்னும் இளைச்சுட்ட" என்பார். ஒருநாள் அவள் மேல்மூச்சு வாங்க நாற்காலியில் சரிந்தபோது, "நாலு மாசம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள்.

கடைசியாகப் போன புதன்கிழமை அவளால் வாசல் படியேற முடியவில்லை. நர்ஸ் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண் மஞ்சள் பூத்திருந்தது. அவர் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தியதும், "அடுத்த வாரம் வரமாட்டேங்க" என்றாள்.

"சரி."

"இனிமே வரவே மாட்டேன்."

"சரி."

அவருடைய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது, சோப்பு வாசனை அடித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே விட்டுவைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வருத்தமா என்று கேட்பார் என்று காத்திருந்தாள். அந்தக் கேள்வியையும் இந்த இரண்டு மாதத்தில் அவர் தொலைத்திருந்தார். எவ்வளவு நேரம் இருந்தாளோ, சாப்பாட்டு மணி அடித்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி, அவளைத் தாண்டி, அறை விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

நர்ஸ் அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து டாக்ஸிக்குக் காத்திருந்தாள். சின்னப் பெண். என்ன சொல்வது என்று தவிப்பது தெரிந்தது.

"புதன்கிழமை ஆனா ஐயா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருப்பாரும்மா. இன்னும் வரலயா, இன்னும் வரலயான்னு" என்றாள்.

அவள் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். பெண்ணின் பார்வை ஒரு கணம் நாற்காலிச் சக்கரத்துக்குப் போய்த் திரும்பியது. காதோரம் சிவந்திருந்தது. இப்படி ஒரு பொய்யை இவ்வளவு ஆசையாக அவளுக்கு யாரும் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

"அப்படியாம்மா" என்றாள். "கேக்கவே சந்தோஷமா இருக்கு."

நர்ஸின் முகம் தெளிந்தது. டாக்ஸி வந்தது. அந்தப் பெண் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்து, சேலைத் தலைப்பு மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.